எர்த்பவுண்ட் முதன்முறை ஆடுகிறீர்களா? பாதி ஆட்டம் வரைக்குமான வழிகாட்டி

ஃபோர்சைட் நகரத்து வேலைகளை எல்லாம் முடித்து, அடுத்த ஊருக்குக் கிளம்பும் இடத்தில் என் ஆட்டம் நிற்கிறது. நிதானமாக ஆடினால் முழு விளையாட்டுக்கும் 30 மணி நேரம் பிடிக்கும். நான் இருப்பது ஏறக்குறைய நடுவழி. இதுவரை வந்ததில் எனக்குப் புரிந்த ஒன்று: எர்த்பவுண்டில் ஆளை விரட்டுவது எதிரிகள் இல்லை. பை, போன், ஏ.டி.எம்., பேச்சுக்குப் பேச்சு ஒளிந்திருக்கும் குறிப்புகள், இவைதான். இவற்றை யாராவது முதலிலேயே சொல்லிவிட்டால் ஆட்டம் அருமையாக ஓடும். சொல்லாவிட்டால் முதல் ஊரிலேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படிப் பாதியில் விடக்கூடிய விளையாட்டா இது? அதனால்தான் எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜப்பானில் 1994-இல் ‘மதர் 2’ என்று வந்து, 1995-இல் அமெரிக்காவில் எர்த்பவுண்ட் ஆனது. ஷிகெசாடோ இடோய் வடிவமைத்த ரோல்-பிளேயிங் விளையாட்டு. வாளும் கோட்டையும் கிடையாது. சிவப்புத் தொப்பி போட்ட நெஸ் என்ற சிறுவன் பேஸ்பால் மட்டையோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். ஹாம்பர்கர் தின்று தெம்பு ஏற்றிக்கொள்கிறான். பஸ் ஏறி ஊர் ஊராகப் போகிறான். கதையின் பெரிய திருப்பங்களைச் சொல்லமாட்டேன். வழியில் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

1. எங்கே கிடைக்கும், என்ன செலவு

இப்போதைக்கு நேரான வழி நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா. 2022 பிப்ரவரியிலிருந்து அதன் சூப்பர் நிண்டெண்டோ தொகுப்பில் எர்த்பவுண்ட் இருக்கிறது. அமெரிக்க விலை மாதத்துக்கு 3.99 டாலர், மூன்று மாதத்துக்கு 7.99, ஓராண்டுக்கு 19.99. அடிப்படைச் சந்தாவே போதும். ‘எக்ஸ்பான்ஷன் பேக்’ என்ற விலை கூடிய சந்தா இதற்குத் தேவையில்லை. இதைக் கவனிக்காமல் கூடுதலாகக் கட்டுபவர்கள் நிறைய.

எத்தனை மாதம் வாங்கலாம்? தினமும் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம். வார இறுதியில் மட்டும் என்றால் மூன்று மாதச் சந்தா சரியாக இருக்கும். ஒன்று ஞாபகம் வையுங்கள்: இணையம் இல்லாமலும் ஆடலாம், ஆனால் ஏழு நாளுக்கு ஒருமுறையாவது ஸ்விட்ச் இணையத்தோடு இணைய வேண்டும். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போவதாக இருந்தால் கிளம்பும் முன் ஒருமுறை இணைத்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு: நிண்டெண்டோவின் இணையக் கடை இந்தியாவுக்கென்று தனியாக இல்லை. கணக்கில் எந்த நாட்டைக் குறிக்கிறீர்களோ அந்த நாட்டுக் கடைதான் திறக்கும், அந்த நாட்டுப் பணத்துக்கான கிஃப்ட் கார்டுதான் செல்லும். முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள், பிறகு கார்டு வாங்குங்கள். கணக்கில் பணம் மிச்சம் இருக்கும்போது நாட்டை மாற்றுவது சிக்கல்.

பழைய கேட்ரிட்ஜ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். அசலின் விலை மிகவும் ஏறிவிட்டது. சந்தையில் போலிகள் அதிகம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. திருட்டுப் பிரதியைக் கண்டுகொள்ளும் ஏற்பாடு இந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிரதி என்று தெரிந்தால் எதிரிகளின் எண்ணிக்கையை ஏகத்துக்கும் கூட்டிவிடும். அதையும் தாண்டிப் போனால் கடைசிச் சண்டையில் ஆட்டத்தை உறையவைத்து, சேவ் அத்தனையையும் அழித்துவிடும். 30 மணி நேர உழைப்பு போய்விடும். நிண்டெண்டோவின் பழைய கருவிகளான வீ யூ, நியூ 3டிஎஸ் வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால் சரி. புதிதாக வாங்கும் வாசல் 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அமெரிக்காவில் இது முதலில் விற்பனைக்கு வந்தபோது பெரிய பெட்டிக்குள் ஒரு முழு வழிகாட்டிப் புத்தகமும் சேர்ந்தே வந்தது. அதாவது, வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் அந்தப் புத்தகம் இருந்தது. இன்று சந்தாவில் தொடங்குபவருக்கு அது தெரியாமல் போவதால்தான் பாதித் தடுமாற்றம். 2013-இல் வீ யூ வெளியீட்டின்போது நிண்டெண்டோவே அதை மின்பதிப்பாக இலவசமாக வெளியிட்டது. தேடி எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகச் சுற்றுலாக் கையேடு மாதிரி எழுதியிருப்பார்கள். படிப்பதே தனிச் சுகம்.

விளையாட்டுக்குள் வாங்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு: ஊர் வரைபடம். முதல் ஊரான ஓனெட்டின் நூலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள், காசு கிடையாது. பிறகு எந்த ஊரிலும் எக்ஸ் பொத்தானை அழுத்தினால் மருத்துவமனை, ஓட்டல், கடை எல்லாம் எங்கே என்று தெரியும். நூலகத்துக்குள் போகாமலே ஊரைத் தாண்டிவிடுவது சுலபம், அதனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

3. பெயர் கேட்கும் திரை

தொடங்கியதும் நான்கு பிள்ளைகளுக்குப் பெயர், நாய்க்குப் பெயர், பிடித்த சாப்பாடு, பிடித்த பொருள் எல்லாம் கேட்கும். எழுத்துகள் ஆங்கிலம்தான், இடமும் குறைவு. சின்னப் பெயராக யோசித்து வையுங்கள். சாப்பாட்டு வரியை அலட்சியமாக நிரப்பாதீர்கள். நெஸ் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அதைத்தான் சமைத்துப் போடுவாள். பிடித்த பொருளின் பெயரே நெஸ்ஸின் முக்கியமான மனோசக்திக்கு, அதாவது பி.எஸ்.ஐ.க்கு, பெயராகிவிடும். ஆட்டம் முழுக்க இந்த இரண்டும் கண்ணில் படும். நான் ‘தோசை’ என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தேன். களைத்துப் போய் வீடு திரும்பியபோது தோசை தின்று நெஸ் தெம்பானதைப் பார்க்க உண்மையிலேயே மனசு நிறைந்தது.

4. அப்பாவின் போன், ஏ.டி.எம்., பணம்

எதிரியை வீழ்த்தினால் காசு கையில் வராது. அப்பா வங்கியில் போடுவார். ஏ.டி.எம்.மில் எடுக்க வேண்டும். கடைகளிலும் ஓட்டல்களிலும் இருக்கும். சேவ் செய்வதும் அப்பாவுக்கு போன் போட்டுத்தான். பொதுத் தொலைபேசிக்கு ஒரு டாலர் ஆகும். ஆகவே எந்த நேரமும் சில்லறை கையில் இருக்கட்டும்.

ஆனால் கட்டுக்கட்டாக எடுத்துவைத்துக்கொள்ளாதீர்கள். சண்டையில் எல்லாரும் விழுந்து, தொடரலாம் என்று சொன்னால் கையிலிருக்கும் பணத்தில் பாதி போய்விடும். வங்கியில் இருப்பது அப்படியே இருக்கும். வாங்கப் போகும் பொருளுக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள், மிச்சத்தைத் திரும்பப் போடுங்கள். அப்படித் தொடரும்போது நெஸ்ஸின் பி.பி., அதாவது மனோசக்திக்குச் செலவாகும் புள்ளிகள், சுழியமாக இருக்கும், மற்றவர்கள் மயங்கியே கிடப்பார்கள். மருத்துவமனைச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

அம்மாவுக்கும் அவ்வப்போது போன் போட வேண்டும். நீண்ட நாள் பேசாவிட்டால் நெஸ்ஸுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். சண்டையின் நடுவே, அடிக்க வேண்டிய நேரத்தில், வீட்டை நினைத்துக்கொண்டு சும்மா நின்றுவிடுவான். மருந்து எதுவும் இதற்குக் கேட்காது. அம்மா குரல் கேட்டால் சரியாகிவிடும். ஒரு சிறுவன் தனியாக ஊர் சுற்றுகிறான் என்பதை இவ்வளவு மென்மையாகச் சொன்ன விளையாட்டை நான் வேறு பார்க்கவில்லை. ரொம்ப நேரம் ஆடிக்கொண்டே இருந்தால் அப்பாவே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளேன் என்பார். அப்பா முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை, குரல்தான். அது போதுமானதாகவே இருக்கிறது.

ஸ்விட்ச்சில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவைக்கும் வசதி தனியாக உண்டு. இசட்.எல்., இசட்.ஆர். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சில நொடிகள் பின்னோக்கியும் போகலாம். பெரிய சண்டைக்கு முன் நிறுத்திவைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அப்பாவிடம் சேவ் செய்வதையும் விடாதீர்கள்.

5. பை: பெரிய தலைவலி இங்கேதான்

ஒருவருக்கு 14 இடம். போட்டிருக்கும் மட்டை, தொப்பி, கைக்காப்பு எல்லாம் இதற்குள்தான் அடக்கம். ஏ.டி.எம். அட்டை, வரைபடம், இசையைப் பதிந்துவைக்கும் கல்லான சவுண்ட் ஸ்டோன் என்று கதைக்குத் தேவையானவையும் இதிலேயே. ஆக, தனியாகத் திரியும் நெஸ்ஸிடம் சாப்பாட்டுக்கென்று ஆறேழு இடம்தான் மிஞ்சும். பரிசுப் பெட்டி திறந்து, எடுக்க இடமில்லாமல் மூடிவிட்டுப் போகும் நிலைமை அடிக்கடி வரும்.

இதற்குத் தங்கை ட்ரேசிதான் வழி. எஸ்கார்கோ எக்ஸ்பிரஸ் என்ற கூரியரில் அவள் வேலை பார்க்கிறாள். போன் போட்டால் ஆள் வந்து, ஒரு நடையில் மூன்று பொருள் வரை எடுத்துப்போய்ப் பத்திரமாக வைப்பார். ஒரு நடைக்கு 18 டாலர். திரும்பக் கொண்டுவரவும் அதே 18. நம் வீட்டுக்கே நேரில் போய் ட்ரேசியிடம் பேசினால் கட்டணமில்லை. ஓனெட்டில் இருக்கும்வரை அப்படியே செய்யுங்கள்.

எதைக் கழிக்கலாம்? புதியது கிடைத்ததும் பழைய மட்டை, பழைய காப்பை விற்றுவிடுங்கள். டூசனில் இலவசமாகத் தரும் சைக்கிள் ஆசையாக இருக்கும். நெஸ் தனியாக இருக்கும்போது மட்டுமே அதை ஓட்டலாம்; பவுலா என்ற சிறுமி கூட்டு சேர்ந்ததும் அது ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இரண்டு மணி நேரம் ஆசைதீர ஓட்டிவிட்டு ட்ரேசியிடம் அனுப்பிவிடுங்கள். ‘உடைந்த’ என்று பெயர் தொடங்கும் பொருள்களை மட்டும் விற்காதீர்கள். ஏன் என்று எட்டாவது படியில் சொல்கிறேன்.

கெட்சப் போன்ற தொட்டுக்கொள்ளும் பொருள்கள் தனியாக ஒன்றுக்கும் உதவாது, பொருத்தமான சாப்பாட்டோடு சேர்ந்தால் பலன் கூடும். ஒன்றிரண்டு போதும். ஸ்கிப் சாண்ட்விச் என்று ஒன்று விற்கும். தின்றால் சிறிது நேரம் வேகமாக நடக்கலாம். ஓட்டத்துக்கென்று பொத்தான் இல்லாத விளையாட்டு என்பதால் நீண்ட சாலைகளில் இது பெரிய உதவி.

6. சண்டையில் கவனிக்க வேண்டியது

எதிரிகள் திரையில் நடமாடுவார்கள். முதுகுப்பக்கமாகப் போய்த் தொட்டால் பச்சைச் சுழல் வரும். முதல் அடி நம்முடையது. அவர்கள் நம் முதுகைப் பிடித்தால் சிவப்புச் சுழல். நாம் போதுமான அளவு வளர்ந்துவிட்டால் சின்ன எதிரிகள் நம்மைக் கண்டு ஓடுவார்கள். தொட்டாலே, சண்டை திரைக்கு வராமலே வென்றதாகக் கணக்காகும். ஒரு பகுதியின் பெரிய எதிரியை முடித்துவிட்டால் அங்கே திரிபவையும் ஓட ஆரம்பிக்கும்.

எச்.பி., அதாவது உயிர்ப் புள்ளிகளின் எண்கள், பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி உருளும். இதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. உங்களிடம் 80 இருக்கும்போது 100 அடி விழுந்தாலும் உடனே விழமாட்டீர்கள். எண் 79, 78 என்று இறங்கிச் சுழியத்தைத் தொட்டால்தான் விழுவீர்கள். அதற்குள் குணப்படுத்தினாலோ சண்டையை முடித்தாலோ பிழைத்தீர்கள். நீங்கள் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதும் மீட்டர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பலத்த அடி விழுந்த அறிவிப்பு வந்தவுடன் ஏ பொத்தானை மளமளவென்று அழுத்தி வரிகளைத் தாண்டுங்கள், குணப்படுத்தும் மனோசக்தியான லைஃப்அப்பைப் போடுங்கள்.

இதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் பீஸ்ஃபுல் ரெஸ்ட் பள்ளத்தாக்கு. அங்கே டெரிட்டோரியல் ஓக் என்ற மரம் வரும். வீழ்த்தினால் தீப்பற்றி வெடித்து உங்களையும் சேர்த்துச் சாய்க்கப் பார்க்கும். கூட வேறு எதிரிகள் இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள், மரத்தைக் கடைசியாக வையுங்கள். கடைசி எதிரி அதுவாக இருந்தால் வெடித்த கையோடு சண்டை முடியும், மீட்டர் உருண்ட இடத்திலேயே நின்றுவிடும்.

தலையில் காளான் முளைத்தால் பதறாதீர்கள். நடக்கும் திசைகள் குழம்பும். மருத்துவமனையில் இருக்கும் வைத்தியர் அதைப் பிடுங்கி எடுத்து, நமக்கே 50 டாலர் கொடுப்பார். ஆட்டத்தின் தொடக்கத்தில் அது நல்ல வரும்படி.

7. ஓனெட்: மூன்று நான்கு மணி நேரம்

பலர் விட்டுவிட்டுப் போகும் ஊர் இதுதான். நெஸ் தனி ஆள், எச்.பி. கம்மி, தெருநாயும் காக்கையும்கூடச் சிரமம் கொடுக்கும். பொறுமையாக இருங்கள். அம்மா சாப்பாடும் வீட்டுப் படுக்கையும் இலவசம்; எனவே வீட்டைச் சுற்றியே சண்டை போட்டு, எச்.பி. பாதியானதும் வீடு திரும்புங்கள். ஓட்டலுக்குச் செலவழிக்க வேண்டாம்.

லெவல் 5-ஐத் தாண்டிய பிறகு ஆர்கேடில் இருக்கும் ஷார்க்ஸ் கும்பலின் தலைவன் ஃபிராங்கைப் பாருங்கள். அவனை வென்றதும் மூச்சு விடாமல் அவனுடைய இயந்திரத்தோடு அடுத்த சண்டை. எனவே இரண்டுக்கும் சேர்த்துச் சாப்பாடு வேண்டும். அதன்பின் மேயரிடம் போனால் சாவி தருவார். அந்தச் சாவிதான் ஜயன்ட் ஸ்டெப் குகைக்கு வழி. லெவல் 8-இல் நெஸ்ஸுக்கு அவனுடைய ‘பிடித்த பொருள்’ மனோசக்தி வந்துவிடும். அது வராமல் குகைக்குள் இறங்காதீர்கள். ஒரு முறைக்கு 10 பி.பி. ஆகும், டைட்டானிக் ஆன்ட் என்ற ராட்சத எறும்புக்காகச் சேர்த்துவைத்திருங்கள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது போலீஸ்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சண்டைக்கு வருவார்கள், கடைசியில் அவர்களுடைய கேப்டன். இங்கேயும் முழு எச்.பி.யோடு போங்கள்.

ஓனெட்டில் கடலோரமாக ஒரு வீடு 7,500 டாலருக்கு விற்பனைக்கு இருக்கும். வெளியிலிருந்து பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே போனால் ஒரு பக்கச் சுவரே கிடையாது. சண்டைக்கோ கதைக்கோ அதனால் பயனில்லை. ஆயுதம் வாங்க வேண்டிய நேரத்தில் இதில் பணத்தைப் போடாதீர்கள்.

ஜயன்ட் ஸ்டெப் போல மொத்தம் எட்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு இசை சவுண்ட் ஸ்டோனில் பதிவாகும். பதிவாகும் நொடியில் நெஸ்ஸுக்கு ஏதோ ஒன்று நினைவில் மின்னி மறையும்: ஒரு நாய்க்குட்டி, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குழந்தை. திரையில் ஒரே வரிதான் வரும். வேகமாக அழுத்தித் தாண்டிவிடாமல் நின்று படியுங்கள்.

8. டூசனிலிருந்து த்ரீட் வரை

டூசனில் பணம் கேட்டு இரண்டு பையன்கள் வருவார்கள். ஆப்பிள் கிட் அழுக்காக, ஆரஞ்சு கிட் பளிச்சென்று. உங்கள் 200 டாலரை ஆப்பிள் கிட்டிடம் கொடுங்கள்; அவனுக்குச் சாப்பிடவும் ஏதாவது கொண்டுபோங்கள். வழியை மறித்து நிற்கும் இரும்புப் பென்சில் சிலையை அழிக்கும் கருவி அவனிடமிருந்துதான் வரும். இன்னொருவனுக்குக் கொடுப்பது வீண்.

ஹேப்பி ஹேப்பி கிராமத்தில் எல்லாவற்றையும் நீலமாக்கிக்கொண்டிருக்கும் கூட்டத்தைச் சந்திப்பீர்கள். வீடு நீலம், மாடு நீலம். சிரிப்பாகத் தொடங்கி மெல்ல அச்சமூட்டும் இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பவுலா கொடுக்கும் ஃபிராங்க்ளின் பேட்ஜை நெஸ்ஸே வைத்திருக்க வேண்டும். தலைவன் கார்பெயின்டரின் மின்னலை அது திருப்பி அடிக்கும். ட்ரேசியிடம் தப்பித் தவறிக்கூட அனுப்பாதீர்கள்.

பவுலா சேரும்போது லெவல் 1. ஓரடியில் விழுவாள். நேராக லில்லிபுட் ஸ்டெப்ஸ் குகைக்குள் இழுத்துப்போகாமல், கிராமத்தைச் சுற்றி எளிய எதிரிகளோடு சில சண்டை போட்டு அவளை வளர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும், அவளுடைய ஃப்ரீஸ் சக்தி பிறகு உங்களைத் தூக்கி நிறுத்தும். டெடி பேர் பொம்மை கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், அடியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

த்ரீடில் ஜோம்பிகள். அங்கே ஓட்டலில் நடப்பது கதைக்காக நடப்பது. பயந்து பழைய சேவுக்குப் போக வேண்டாம். சட்டென்று கதை வேறு நாட்டுக்குத் தாவி, ஜெஃப் என்ற கண்ணாடிப் பையனோடு பனியில் நடக்கவைக்கும். அவனிடம் மனோசக்தி கிடையாது. அவன் பலம் பாட்டில் ராக்கெட். கடையில் கண்ணில் பட்டால் சில வாங்கிப் பெரிய எதிரிகளுக்கென்று வையுங்கள். ‘உடைந்த’ பொருள்கள் இவனுக்காகத்தான். இரவு ஓட்டலில் தூங்கும்போது ஜெஃப் உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்வான். இரண்டு நிபந்தனை: பொருள் ஜெஃப்பின் பையில் இருக்க வேண்டும், அவனுடைய ஐ.க்யூ. போதுமான அளவு ஏறியிருக்க வேண்டும். நெஸ்ஸின் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது மிஸ்டர் சாட்டர்ன்கள் வாழும் பள்ளத்தாக்கு. பெரிய மூக்கு, இரண்டு கால், தலையில் ஒரு ரிப்பன், கோணல்மாணலான எழுத்தில் பேச்சு. வெந்நீர் ஊற்றில் இறங்கினால் காசில்லாமல் உடம்பு தேறும். எதிரியின் தொழிற்சாலைக்குள் போக, நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் ஒரு குரல் கடவுச்சொல் கேட்கும். இங்கேதான் பலர் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துச் சலித்துவிடுகிறார்கள். கடவுச்சொல் இதுதான்: மூன்று நிமிடம் எதையும் தொடாமல் சும்மா நிற்பது. கருவியைக் கீழே வைத்துவிட்டு டீ போட்டு எடுத்து வாருங்கள். கதவு திறந்திருக்கும்.

உள்ளே மாஸ்டர் பெல்ச்சோடு சண்டை. த்ரீடில் கிடைத்த ஃப்ளை ஹனி ஜாடி யார் பையிலாவது இருக்க வேண்டும். அதை எடுத்து நீட்டினால் அவன் சண்டையை மறந்து அதை நக்க ஆரம்பித்துவிடுவான். ஜாடி இல்லாமல் அவனை அடித்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

9. பாலைவனமும் ஃபோர்சைட்டும்

பஸ்ஸில் போனால் பாலைவனத்தின் நடுவே போக்குவரத்து நெரிசல். இறங்கி நடங்கள். வெயில் தாக்கினால் ஈரத் துண்டு வேண்டும். நெஸ்ஸின் ஹீலிங் சக்தியும் உதவும். புதையல் தோண்டுபவர் பசி என்பார், சாப்பாடு கொடுங்கள். பிறகு அவர் சுரங்கத்தில் ஐந்து பெரிய அகழெலிகளை முடிக்க வேண்டிவரும். ஒவ்வொன்றும் தான் மூன்றாவது பலசாலி என்று சொல்லிக்கொள்ளும். சுரங்கம் சுற்றிச் சுற்றிப் போகும். வழிகாட்டிப் புத்தகத்தின் வரைபடத்தை இங்கே திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்சைட் பெரிய நகரம். ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். பல்பொருள் அங்காடியில் நல்ல ஆயுதங்கள் கிடைக்கும், அதற்காக முன்பிருந்தே வங்கியில் சேர்த்துவையுங்கள். ஒரு கட்டத்தில் உங்களோடு வருபவர்களில் ஆள் குறையும். ஆகவே அங்காடிக்குப் போகும் முன் உயிர்காக்கும் சாப்பாட்டை எல்லாம் நெஸ்ஸின் பையிலும் ஜெஃப்பின் பையிலும் பிரித்து வையுங்கள்.

அப்புறம் மூன்சைட். கறுப்புப் பின்னணியில் நியான் கோடுகளால் வரைந்த ஊர். முகம் கொடுத்துப் பேசுபவர்கள் திடீரென்று உங்களை வேறு மூலைக்குத் தூக்கிப் போடுவார்கள். ஓவியம்கூட எழுந்து சண்டைக்கு வரும். இங்கே தெரிந்திருக்க வேண்டியது: ‘ஆம்’ என்றால் இல்லை, ‘இல்லை’ என்றால் ஆம். கேள்வி வரும்போது மாற்றிச் சொல்லுங்கள். குழப்பம் தாங்காமல் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம், எல்லாரோடும் பேசிப் பாருங்கள். இதுவரை ஆடியதில் மிக விசித்திரமான, மிக அழகான ஒரு மணி நேரம் எனக்கு இங்கேதான் கிடைத்தது.

பாலைவனத்துக் குரங்குக் குகையையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஒவ்வொரு குரங்கும் ஒரு பொருள் கேட்கும், கொடுத்தால் வழிவிடும். கேட்பதை எல்லாம் ஒரே நடையில் கொண்டுபோக இடம் வேண்டும், அதனால் பையைக் காலிசெய்துவிட்டுப் போங்கள். முடிவில் ஒரு குரங்கு டெலிபோர்ட் சக்தியைச் சொல்லித்தரும். போன ஊர்களுக்கு நொடியில் திரும்பலாம். ஓடி வேகமெடுக்க நீளமான நேர்ப்பாதை வேண்டும், எதிலாவது மோதினால் நின்றுவிடும். அகலமான தெருவாகப் பார்த்துச் செய்யுங்கள்.

10. ஃபோர்சைட்டை விட்டுக் கிளம்பும் முன்

ஃபோர்சைட்டில் இருக்கும் மோனோடோலி கட்டடத்து வேலை முடிந்ததும் ஸ்கை ரன்னர் என்ற பறக்கும் கலம் உங்களை ஜெஃப்பின் ஊரான விண்டர்ஸுக்குக் கொண்டுபோகும். அங்கே ரெய்னி சர்க்கிள் என்ற இசை இடம் இருக்கிறது. ஜெஃப் தனியாக வந்தபோது அதைப் பதிவு செய்திருக்க முடியாது. நெஸ் வர வேண்டும். முழு பி.பி.யோடு போங்கள், காவலுக்கு நிற்கும் ராட்சதக் காளான் உங்கள் தலையிலும் காளான் முளைக்கவைக்கும். அதை முடித்து, இசை பதிவானதை உறுதி செய்துகொண்டு, அப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சேவ் செய்துவிட்டு, அடுத்த ஊரான சம்மர்ஸுக்குக் கலம் ஏறுங்கள்.